கிறிம் என்னும் குடியானவரும் குளிர் தாங்கும் குதிரைமசாலும்

தமிழிற் குதிரைமசால் எனவும், ஐரோப்பியரால் லூசேண் எனவும், அராபியர் வழியே அல்பால்பா எனவும் வழங்கப்படும் பயிர், மனிதன் வளர்த்த தீவனங்களுள் மிகத் தொன்மையானவற்றுள் ஒன்றாகும். பாரசீகப் பேரரசன் தாரியுசின் படையெடுப்புக் காலத்தில் அது மேதியர் நாட்டிலிருந்து கிரேக்கத்தை அடைந்ததென உரோம அறிஞர் பிளினி எழுதியுள்ளார். சீனத்து ஹான் பேரரசின் தூதரும், மத்திய ஆசியாவின் உயர்சாதிக் குதிரைகளை நாடிச் சென்றவிடத்து, அவற்றின் உணவாகிய இதன் விதையையும் உடன் கொணர்ந்தனர். படைக்குதிரை சென்றவிடமெல்லாம் இப்பயிரும் சென்றதெனல் மிகையன்று.

இசுப்பானியர் இதனைத் தென்னமெரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். 1850 ஆம் ஆண்டை ஒட்டிச் சிலி நாட்டு விதை கலிபோணியாவை அடைந்து அங்கே செழித்தது. ஆயின், வெப்பநாட்டில் வளர்ந்த அவ்வினம் வடக்கே செல்லச் செல்ல மாரியின் உறைபனியில் மடிந்தது. நிலத்துள் 15 அடிக்கு மேலும் இறங்கவல்ல ஆணிவேர் வறட்சியை வெல்லும். குளிரை வெல்ல அது மட்டும் போதாது. இலையுதிர் காலத்திலேயே வளர்ச்சியை அடக்கி, வேரில் உணவைச் சேமித்து, நிலமட்டத்தின் கீழே தண்டின் அடியை மறைத்துக்கொள்ளும் இயல்பு வேண்டும். அவ்வியல்பு வாய்ந்த விதை அமெரிக்காவின் வடபுலத்திற்கு வந்த வரலாறே ஈண்டு நோக்கற்பாலது.

1857 ஆம் ஆண்டில், யேர்மனியின் பாடன் நாட்டுக் குல்சைம் என்னும் ஊரிலிருந்து வெண்டலின் கிறிம் என்னும் குடியானவர் தம் குடும்பத்தோடு மினெசோட்டா மாநிலத்துக் காவர் மாவட்டத்திற் குடியேறினார். அவர் கொண்டுவந்த பொருள்களுள் 15 முதல் 20 இறாத்தல் வரையிலான விதையும் ஒன்று. தம் ஊர் வழக்கப்படி அதனை அவர் 'நித்திய குளோவர்' என்றழைத்தார். அடுத்த ஆண்டு விதைத்தார். பெயரோ நித்தியம், பயிரோ மாரிதோறும் பெரும்பகுதி மடிந்தது. பாகைமானி பூச்சியத்தின் கீழே பரனைற்று 30 பாகை வரையும் தாழக்கூடிய நாடு அது. எஞ்சி நின்ற சில செடிகளின் விதையைத் திரட்டி அவர் மீண்டும் விதைத்தார், மீண்டும் மடிந்தன, மீண்டும் எஞ்சியவற்றிலிருந்து விதை எடுத்தார். இவ்வாறு ஆண்டுகள் பல கழிய, மடியும் செடிகள் அருகின. தாம் ஒரு புதிய இனத்தை ஆக்குவதாக அவர் எண்ணியிருத்தல் அரிது. தாவியற் பயின்றவர் அல்லர் அவர். விதையைக் கைவிட மனமில்லாத உழவர்.

இவ்வரலாற்றின் விவரங்களுட் பல, அயலவரும் உறவினரும் பிற்காலத்தில் நினைவிலிருந்து கூறியவையே. 1863 ஆம் ஆண்டு வறட்சியிற் கிறிமின் மாடுகள் மட்டும் கொழுத்திருந்தன என்னும் கதையும் அத்தகையது. எட்வேட்சும் இரசலும் 1938 இல் மினெசோட்டா வரலாற்று ஏட்டில் எழுதிய கட்டுரை இச்செய்திகளைத் தொகுத்துத் தந்தது. கதைக்கு அழகு சேர்ந்திருத்தல் கூடும். ஆயினும் ஒன்று ஐயத்துக்கு இடமற்றது: 1889 ஆம் ஆண்டளவில் அம்மாநிலத்துக் குதிரைமசால் நிலத்தில் ஏறக்குறையச் சரிபாதி காவர் என்னும் அவ்வொரு மாவட்டத்திலேயே இருந்தது. அடுத்த ஆண்டு கிறிம் இறந்தார். கற்றோர் எவரும் அவரை அறிந்திலர்.

அறிவித்தவர் ஓர் ஆசிரியர். எக்செல்சியர் என்னும் ஊரிற் கற்பித்த ஆதர் லைமன், பிறவிடத்து விதை மாரியில் மடிய, யேர்மனியக் குடியானவரின் வயல்கள் மட்டும் பசுமையாய் நிற்பதைக் கண்டு, 1900 ஆம் ஆண்டளவில் மாநில விவசாய ஆராய்ச்சி நிலையத்துப் பேராசிரியர் வில்லெற் ஹேய்சுக்குத் தெரிவித்தார். சோதனைகள் நடந்தன, 'கிறிம்' என்னும் பெயரும் நிலைத்தது.

இனி, அத்தாங்குதிறன் வந்தவாறு யாது? ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்துச் சாள்சு பிராண்டு 1911 இல் வெளியிட்ட அறிக்கையில் இதனை ஆராய்ந்தார். கிறிம் வயலில் ஊதாப் பூக்களோடு பச்சை, மஞ்சள் சாயல் கொண்ட பூக்களும் கலந்து தோன்றின. சைபீரியா முதலிய குளிர்நாடுகளிற் காடாய் வளரும் மஞ்சட்பூ இனத்தின் கலப்பு அவ்விதையில் முன்னரே இருந்தது என்பதற்கு அதுவே சான்று. எனவே கலப்பு மூலப்பொருளைத் தந்தது. மினெசோட்டாவின் பனி தேர்ந்தெடுத்தது. விதையைக் கைவிடாமற் காத்தவர் கிறிம். இம்மூன்றுள் ஒன்றைமட்டும் போற்றுவோர் உண்மையின் ஒரு கூற்றையே காண்பர்.

தாய்நிலத்திலேயே தேடிச் சென்றோரும் உளர். தென் தக்கோத்தாக் கல்லூரிப் பேராசிரியர் நீல்சு ஹான்சன் 1897 இல் தொடங்கி உருசியாவுக்கும் சைபீரியாவுக்கும் பன்முறை சென்று விதை திரட்டினார். 1910 இல், இமயத்தின் அப்பால் 11,000 அடிக்கு மேல் உயர்ந்து கிடக்கும் இலடாக்கின் இலே நகரிலிருந்தும் சிறிதளவு விதை அமெரிக்கா சென்றது. மழை அருகிக் குளிர் மிக்க அந்நாட்டு இனம் 'இலடாக்' என்ற பெயரோடே பரவிற்று.

இவற்றின் அருமை பின்னரே புலனாயிற்று. 1920 ஆம் ஆண்டுகளிற் பற்றீரியா வாடல் நோய் பரவியபோது, பனியை வென்ற கிறிம் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. 1942 இல் வெளியான 'இரேஞ்சர்' இனத்தில், ஹான்சன் கொணர்ந்த கொசாக்கும், துருக்கித்தானமும், இலடாக்கும் கலந்திருந்தன. 1953 இல் விசுக்கொன்சின் 'வேணல்' இனத்தை வெளியிட்டது. கிறிமின் பண்ணையில் 1924 இலேயே நினைவுக்கல் நாட்டப்பட்டிருந்தது. 1974 இல் அப்பண்ணை தேசிய வரலாற்றிடப் பட்டியலிற் சேர்ந்தபோது, அவர் காத்த இனத்தின் இடத்தைப் பிற இனங்கள் முன்னரே கொண்டுவிட்டன.