கணக்கு வாத்தியாரும் மனநல நிபுணரும்

மனசு சரியில்லைன்னு ஒருத்தர் போய் மணிக்கணக்கா பேசிட்டு வர்றாரே, அதுல நிஜமாவே குணமாகுதா? 1952-ல லண்டன்ல ஹான்ஸ் ஐசங்க் இதைப் பெரிய சண்டையாக்கினார். 24 ஆய்வுகள், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். பயம், பதற்றம் மாதிரி தொந்தரவு உள்ளவங்கள்ல மூணுல ரெண்டு பேர் முறையான சிகிச்சை இல்லாமலே ரெண்டு வருஷத்துல தேறிடறாங்க. சிகிச்சை எடுத்தவங்க ஒண்ணும் உசத்தியில்லைன்னு எழுதிட்டார். (பின்னாளில் வேறொரு விஷயத்துல அவர் எழுதின கட்டுரைகளையே நம்பமுடியாதுன்னு 2019-ல லண்டன் கிங்ஸ் கல்லூரி சொன்னது தனிக்கதை.)

1977-ல மேரி லீ ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் 375 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சிகிச்சை எடுத்த சராசரி ஆள், எடுக்காதவங்கள்ல 75% பேரைவிட நல்லா இருக்கார்னு பதில் சொன்னாங்க. சரி, பலன் உண்டு. ஆனா அது எதால? படிச்ச படிப்பாலயா?

எனக்குப் பிடிச்ச ஆள் இங்கதான் வர்றார். ஹான்ஸ் ஸ்ட்ரப், நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி அமெரிக்கா போனவர், வாண்டர்பில்ட் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர். மனச்சோர்வும் கூச்சமும் உள்ள மாணவர்கள்ல சிலரைப் பழுத்த நிபுணர்கள்கிட்ட அனுப்பினார். வேற சிலரை கணக்கு, வரலாறு, ஆங்கிலம் நடத்துற வாத்தியார்கள்கிட்ட. பரிவா பேசுறவங்கன்னு பேரெடுத்த வாத்தியார்கள், அவ்வளவுதான். 1979-ல முடிவு வந்துச்சு: சராசரியில ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே முன்னேற்றம்!

'அப்ப பயிற்சி வீண்'னு பலர் குதிச்சாங்க. அது அவசரம்னு நினைக்கிறேன். அந்த வாத்தியார்கள் பொறுக்கியெடுத்தவங்க. மாணவர்களும் தீவிர நோயாளிகள் இல்லை. ஸ்ட்ரப் சராசரியை விட்டுட்டு ஒவ்வொரு ஜோடியா ஒலிப்பதிவைக் கேட்டார். கோபமும் அவநம்பிக்கையுமா வந்தவங்ககிட்ட நிபுணர்களும் நாசூக்கா எரிச்சலைத் திருப்பிக் காட்டியிருந்தாங்க. அனுபவஸ்தர்களேதான்.

இதைச் சரிபண்ணத்தான் அடுத்த ஆய்வு. 16 சிகிச்சையாளர்களுக்கு, கையேடு போட்டு, ஒரு வருஷம் பயிற்சி. நுட்பத்தை நல்லாவே கத்துக்கிட்டாங்க. ஆனா 1993-ல வந்த கட்டுரைகளைப் பார்த்தா, பயிற்சிக்கு அப்புறம் சில விதத்துல அவங்க பேச்சுல கனிவும் ஆதரவும் குறைஞ்சு, குத்தலும் தற்காப்பும் கூடியிருந்துச்சு. எதைத் தடுக்கக் கையேடு எழுதினாரோ அதேதான். அதை மூடி மறைக்காம, தன் பேரையும் போட்டே வெளியிட்டார் மனுஷன்.