நீரும் காற்றும் நம் உடைமை: மின்வாரியம் நடந்து வந்த பாதை

காரிமங்கலத்தில் பெய்யும் மழை தென்பெண்ணைப் பக்கம் ஓடும். நம் வீட்டு விளக்கின் வரலாறோ நீலகிரி மலையிலும் காவிரியிலும் தொடங்குகிறது. அந்த வரலாற்றை இம்மலரில் பதிவுசெய்வது நம் கடமை.

1920களில் சென்னை மாகாண நிர்வாக சபையின் சட்ட உறுப்பினராக இருந்த சர் சி.பி. இராமசாமி ஐயர் பைக்காரா, மேட்டூர்த் திட்டங்களுக்காக முன்னின்று வாதாடினார். 1927இல் அரசு மின்துறை உருவானது. 1932இல் பைக்காரா மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மலைமேலிருந்து 3,000 அடிக்கு மேல் கீழிறங்கி சிங்காராவில் பாய்ந்த நீர் கோவையின் பஞ்சாலைகளையும் கிணற்று மோட்டார்களையும் ஓட்டியது. மலேரியா பரவிய காட்டில், செங்குத்துச் சரிவில், வின்ச் வண்டியில் தளவாடங்களை ஏற்றி இறக்கிய தொழிலாளர்களின் உழைப்பே அதன் அடித்தளம்.

1934 ஆகஸ்ட் 21 அன்று மேட்டூர் அணை திறக்கப்பட்டது. கர்னல் எல்லிஸ் வகுத்த அவ்வணையின் நீர்த்தேக்கத்துக்கு ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் சூட்டப்பட்டது. 1937இல் அணையடி மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அதற்காகக் காவிரிக்கரை ஊர்கள் பல நிலத்தையும் வீட்டையும் கோயிலையும் விட்டுப் பெயர்ந்தன. நீர் வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடியில் மூழ்கிய கோயிலின் நந்தி தலைகாட்டும்போது, அந்த மக்களின் தியாகம் நம் நினைவுக்கு வர வேண்டும்.

உலகப்போர்க் காலத்திலும் பணி நிற்கவில்லை. 1944இல் தாமிரபரணியின் பாபநாசமும், 1952இல் மோயாறும் மின் நிலையங்களாகச் சேர்ந்தன.

1957 ஜூலை 1 அன்று மின்வாரியம் பிறந்தது. முதலமைச்சர் காமராசர் காலத்தில், மின்துறையைக் கவனித்த ஆர். வெங்கட்ராமன் துணைநிற்க, கம்பிகள் ஊர் ஊராகச் சென்றன. கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா தந்த உதவியோடு குந்தா புனல் மின் திட்டம் எழுந்தது. அதன் முதல் ஐந்து நிலையங்களின் திறன் 555 மெகாவாட். 1965இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டம் உருவான காலத்தில்தான் 200 மெகாவாட் மேட்டூர்ச் சுரங்க மின் நிலையமும் வந்தது.

1970களில் கோதையாறு, சோலையாறு, சுருளியாறு என வரிசை நீண்டது. 1980களின் இறுதியில் காடம்பாறை வந்தது. தேவை குறைந்த நேரத்தில் மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு 400 மெகாவாட் வரை தரும் நிலையம் அது; தமிழகத்தில் அவ்வகையில் முதலாவது.

1986இல் வாரியம் காற்றின் பக்கம் திரும்பியது. தூத்துக்குடியருகே முள்ளக்காட்டிலும், பின்னர் கயத்தாறு, முப்பந்தல் முதலிய இடங்களிலும் சொந்தக் காற்றாலைகளை நிறுவியது. மொத்தம் 20 மெகாவாட்டைக்கூட எட்டாத அந்த முயற்சி, கணவாய்க் காற்றுக்கு விலையுண்டு என்று நாட்டுக்குக் காட்டியது. தனியார் முதலீடு பின்தொடர, இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. மே முதல் செப்டம்பர் வரை கணவாய்களில் காற்று வலுக்கும்போது அணை நீரைச் சேமிக்கலாம். காற்று ஓய்ந்தபின் அந்நீரைத் திறக்கலாம். நீரையும் காற்றையும் இப்படி இணைத்து இயக்கும் திறமை நம் பொறியாளர்கள் ஆண்டாண்டாகக் கற்றுச் சேர்த்த செல்வம்.

2010இல் வாரியம் தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகமாயிற்று. 2024இல் பசுமை எரிசக்திக்கென்றே தனிக் கழகம் கண்டது. புனல் மின்திறன் மட்டும் சுமார் 2,300 மெகாவாட். அதனோடு சேர, குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று நிலையம் உருவாகி வருகிறது.

பெயர்கள் மாறின; பொதுச்சொத்து என்னும் உரிமை மாறவில்லை. காரிமங்கலத்துத் தென்னந்தோப்பில் ஓடும் மோட்டாருக்கும் அந்த உரிமையில் பங்குண்டு.