நட்சத்திரங்கள் அதிகம் பிறந்த காலம்



நேற்று தரம் 9 வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: “சேர், நட்சத்திரங்கள் இப்பவும் பிறக்குதா?” மணி அடித்துவிட்டதால் “ஓம், பிறக்குது” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அது போதாது என்று பட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

கி.பி. 964 அளவில் பாரசீகத்தில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி என்ற அறிஞர் தமது நட்சத்திர நூலில் ஒரு ‘சிறு மேகத்தை’க் குறித்து வைத்தார். அது பால்வீதிக்கு வெளியே உள்ள இன்னொரு கலக்ஸி, அதாவது தனியொரு நட்சத்திரக் கூட்டம் என்பதை 1920களில்தான் எட்வின் ஹபிள் நிறுவினார்.

அதன் பிறகும் கலக்ஸிகளின் ஒளியை வைத்துப் பிரபஞ்சத்தை அளந்தவர்கள் பலர், அவை காலத்தோடு பெரிதாக மாறுவதில்லை என்றே எடுத்துக்கொண்டார்கள். அதை மறுத்தவர் நியூசிலாந்தில் வளர்ந்த பீட்ரிஸ் டின்ஸ்லி என்ற பெண். கணவரின் வேலைக்காக அமெரிக்காவின் டாலஸ் நகருக்கு வந்தவர்.  சுமார் 300 கிலோமீற்றர் தொலைவில் இருந்த ஒஸ்டினுக்குப் போய்வந்து டாக்டர் பட்ட ஆய்வை முடித்தார். வாயு நட்சத்திரமாகிறது, பெரிய நட்சத்திரம் சீக்கிரம் மடிந்து வாயுவைத் திருப்பித் தருகிறது, ஆகவே கலக்ஸியின் நிறமும் ஒளியும் மாறத்தான் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1978இல் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1981இல், 40 வயதில், புற்றுநோயால் இறந்துபோனார்.

1995 டிசம்பரில் ஹபிள் தொலைகாட்டி வெறுமையாகத் தெரிந்த ஒரு சிறு வானத் துண்டையே 10 நாட்கள் பார்த்தது. அதில் சுமார் 3000 கலக்ஸிகள் தெரிந்தன. தூரத்து ஒளி என்பது பழைய ஒளி. ஆகவே அந்தப் படம் ஒரு வரலாற்றுப் புத்தகம். அடுத்த ஆண்டே பியெரோ மடாவ் குழுவினர் அதை வைத்து, எந்தக் காலத்தில் எவ்வளவு நட்சத்திரம் பிறந்தது என்று வரைபு வரைந்தார்கள்.

பின்னர் வந்த அவதானங்களையும் சேர்த்துப் பார்த்தால் விடை இதுதான்: பிரபஞ்சத்தின் வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள். நட்சத்திரப் பிறப்பு உச்சத்தில் இருந்தது சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இன்றைய வேகம் அதில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான். காரணம், குளிர்ந்த வாயு குறைந்துவிட்டது. நமது சூரியன் 460 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, உச்சம் கடந்த பிறகே பிறந்தது. முன்னே மடிந்த நட்சத்திரங்கள் ஆக்கிய இரும்புதான் இன்று நமது இரத்தத்தில் இருக்கிறது. சுப்ஹானல்லாஹ்!

ஒரு விடயம் மட்டும் பெற்றோருக்கு. நல்ல பெறுபேறு எடுத்த பெண் பிள்ளைகள், விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலை தூரம் என்பதற்காகவே அதை விடுவதை நான் வருடா வருடம் பார்க்கிறேன். உங்கள் அச்சம் எனக்கும் விளங்கும், நானும் ஒரு வாப்பாதான். தூரத்தைக் குறைக்க நாம் கூடிப் பேசுவோம். பிள்ளையின் கேள்வியைக் குறைக்க வேண்டாம்.