ஆறு எழுத்து, 11 புள்ளி

ஸ்கிரபிள் ஆட்டக்காரர் மனனம் செய்யும் ஆங்கிலச் சொற்பட்டியல்கள் அகராதிகள் அல்ல. அகராதி சொல்லோடு பொருளையும் தரும். இவற்றிற் பல சொல்லை மட்டுமே தருகின்றன. இரண்டெழுத்துச் சொற்கள் ஓரிடத்தில், மூன்றெழுத்துச் சொற்கள் வேறிடத்தில், ஒரே எழுத்துகளை இடம் மாற்றிப் பெறக்கூடிய சொற்கள் ஒரே வரியில் என்று எண்ணிக்கையும் எழுத்துமே அவற்றின் ஒழுங்கு.

ஆறெழுத்துச் சொற்களில் அப்படியொரு வரி உண்டு. அதில் இரண்டு சொற்கள். ஒன்று 'ராபியா': ஆபிரிக்கப் பனை இனமொன்றின் பெயர், அதன் நாரில் பாயும் கூடையும் முடைவார்கள். அதே எழுத்துகளை மாற்றி அடுக்கினால் வருவது 'பரையா'. இது எமது மொழியிலிருந்து போனது; பறையர் என்ற குடிப்பெயரின் ஐரோப்பிய உரு. கட்டுமரமும் சுருட்டும் மிளகுதண்ணியும் ஆங்கிலத்துக்குப் போனதைப் பெருமையோடு சொல்லும் நாம், கூடவே போன இந்தச் சொல்லைப் பற்றிப் பேசுவதில்லை.

பொருளை விட்டு எழுத்தை எண்ணுவது இவ்விளையாட்டின் பிறப்பிலேயே உள்ளது. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் அல்பிரட் பட்ஸ், செய்தித்தாள் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறதென எண்ணி, அருகி வரும் எழுத்துக்குக் கூடிய மதிப்பளித்தார். ஜேம்ஸ் புரூனோ 1948இல் அதற்கு இன்றைய பெயரிட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இக்கணக்கில் 'பரையா'வுக்கு 11 புள்ளி. 102 எழுத்துக் கட்டைகள் கொண்ட ஜேர்மன் பெட்டியில் அதன் ஐந்தெழுத்து வடிவமான 'பாரியா'வுக்கு 8. நியூசிலாந்துக்காரரான நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே அதன் பட்டியலை மனனம் செய்து 2015இல் பிரெஞ்சு மொழி உலகப் போட்டியில் வென்றார். இந்த ஆட்டத்துக்குப் பொருள் தேவையில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சொற்களை எழுத்தால் தொகுப்பது எமக்கும் புதிதல்ல. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி எதுகை ஒழுங்கில் அமைந்தது. வீரமாமுனிவரின் சதுரகராதியில் (1732) நான்காம் பகுதி தொடையகராதி. நன்னூல் ஓரெழுத்தொருமொழிகளை 42 என்று எண்ணியது. எனினும் நிகண்டு தந்த ஒவ்வொரு சொல்லும் தன் பொருளோடு வந்தது. பொருளறியாதவன் அதைக்கொண்டு செய்யுள் இயற்ற முடியாது.

'பரையா' பொருளை இழந்தது விளையாட்டுப் பலகையில் மட்டுமா என்பதே கேள்வி. புறநானூற்றின் 335ஆம் பாட்டு துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனையும் ஒரு குடியாகச் சொல்கிறது. அங்கே இழிவின் சாயல் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரின் எழுத்தில் ஏறிய இப்பெயர், ஐரோப்பாவில் 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொதுச்சொல்லாயிற்று. பேர்லினில் 1823இல் யூத எழுத்தாளரான மிக்கேல் பேரின் 'பாரியா' நாடகம் மேடையேறியது. இந்தியக் கதைக்குள் அவர் சொன்னது யூதரின் நிலையை. கோதே 1824இல் அதே பெயரில் மூன்று கவிதைகளை வெளியிட்டார். பிரெஞ்சுப் பயணி சொனரா எழுதிவைத்த, தலை மாறிப் பொருந்திய மாரியம்மன் கதை அவற்றுள் ஒன்றின் கரு. பின்னர் மக்ஸ் வேபர் யூதரைப் 'பாரியா மக்கள்' என்றார். நாசிகளிடமிருந்து தப்பியோடிய ஹன்னா ஆரென்ட் 1944இல் நியூயோர்க்கில் யூதனைப் பாரியாவாகப் பார்க்கும் கட்டுரையை எழுதினார்.

இவர்கள் ஒடுக்கப்பட்டோரின் பக்கம் நின்றோ, ஒடுக்குமுறையை விளங்கிக்கொள்ளவோதான் இச்சொல்லைக் கையிலெடுத்தார்கள். அதில் குறை காண்பது என் நோக்கமல்ல. ஆனால் சொல் கருத்தாக உயர உயர, அதற்குப் பெயர் கொடுத்த மனிதர்கள் கண்ணிலிருந்து மறைந்தார்கள். விளையாட்டுப் பட்டியல் அந்த மறைவின் கடைசிப் படி.

அந்த மனிதர்களோ அதே காலத்தில் இப்பெயரைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார்; இழிவாக்கப்பட்ட பெயரை நிமிர்ந்து நின்று சொன்னாலே இழிவு நீங்கும் என்பது அவர் நிலை. பிறர் சூட்டிய பெயரை ஏற்கக்கூடாது, நாம் பூர்வ பௌத்தர் என்றார் அயோத்திதாசர். 1922இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தின் பின் அரச ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' என்ற பெயர் இடம்பெற்றது.

விளையாட்டுலகிலும் பின்னர் ஒரு விவாதம் எழுந்தது. 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்க ஸ்கிரபிள் அகராதியிலிருந்து வசைச்சொற்கள் சில நீக்கப்பட்டன. 2020இல் வட அமெரிக்கப் போட்டிப் பட்டியலிலும், 2021இல் பிற நாடுகளில் வழங்கும் ஆங்கிலப் பட்டியலிலும் மேலும் சில நூறு சொற்கள் போயின. எழுத்துக்குப் பொருளில்லை, ஆட்டம் ஆட்டமே என்றனர் எதிர்த்தோர். 'பரையா' நீக்கப்படவில்லை. அதை நீக்கு என்று நானும் கேட்கமாட்டேன். வசையை நீக்குவதோடு வரலாற்றையும் நீக்கினால் ஆறுதலடைவது வசைபாடியவனே.

நான் கேட்பது எம்மைப் பற்றி. அகதி வாழ்வை விளக்க ஆரென்டைத் துணைக்கழைத்து, 'நாமும் பாரியாக்களே' என்று எழுதுவது எமக்கு எளிதாக வருகிறது. அதை எழுதும் கை எந்தக் கை? மாவிட்டபுரத்தில் 1968இல் கோயிலுக்குள் நுழைய முயன்றோரைத் தடுத்து நின்றதும் எம் சமூகந்தான். இன்றும் இங்கே கல்யாணப் பேச்சில் ஊரைக் கேட்டபின் 'எந்தப் பகுதி?' என்று மெல்லக் கேட்பதும் நாமே.

சென்ற மாரியில் நண்பர் வீட்டில், இங்கே பிறந்த அவர் மகள் ஆங்கிலப் பலகையில் இச்சொல்லை வைத்து 11 புள்ளி பெற்றாள். "அப்பா, இது தமிழாமே, உண்மையா?" என்று கேட்டாள். நண்பர் என்னைப் பார்த்தார். "ஓம், பறை அடிக்கிறதிலயிருந்து வந்தது" என்று சொல்லிவிட்டுப் புள்ளியைக் குறித்தார். சொன்னது பொய்யல்ல. மிச்சத்தை அவளுக்கு யார் சொல்வது?