பஞ்சு தந்த செல்வம்

மும்பைவாழ் தமிழர் நாம் அன்றாடம் காணும் ராஜாபாய் கோபுரம், நற்காலம் ஈந்த செல்வத்தின் சின்னமாகும். 1861-இல் அமெரிக்க உள்நாட்டு யுத்தம் மூண்டு அந்நாட்டுப் பஞ்சு வரவு தடைப்படவே, லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பஞ்சை நாடின. அன்றைய பம்பாயில் பணம் பெருகிற்று. பங்குச் சூதாட்டமும் பெருகிற்று. வணிகர் பிரேம்சந்த் ராய்சந்த் 1864-இல் பல்கலைக்கழகத்துக்கு 4 லட்சம் ரூபாய் வழங்கினார். 1865-இல் யுத்தம் ஓய்ந்தது, பஞ்சு விலை சரிந்தது, அவரும் நொடித்தார். ஆயினும், அவர் ஈந்த பொருளால் எழுந்த கோபுரம் 1878-இல் நிறைவுற்று, அவர் அன்னையின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அச்சரிவில் அடிபட்ட ஜாம்ஷெட்ஜி டாட்டாவோ, 1868-இல் 21,000 ரூபாய் முதலுடன் மீண்டும் தொழில் தொடங்கி, 1877-இல் பருத்தி விளையும் நாகபுரியிலேயே ஆலை நிறுவினார்.

பிழைப்பு நாடி வந்த நாம் உணரத்தக்கது இது: காலம் கைகொடுப்பதைத் தம் திறமையென்று எண்ணலாகாது, அது கைவிடும் நாளுக்கும் முதல் வேண்டும்.