மழைமானியும் ராடாரும்

புஞ்சாக் ஆலாம் வட்டாரத்துத் தோட்டங்களில் கிராணி வேலை பார்க்கும் எம்மனோர்க்கு மழைமானி பழகிய பொருள். காலைதோறும் அதில் தேங்கிய நீரை அளந்து புத்தகத்தில் பதிதல் எமது கடமைகளுள் ஒன்று. ரப்பர் காலத்தில் மரம் நனைந்தால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையேல் கூலியும் குறையும். ஆதலின் அப்புத்தகம் மழைக்கணக்கு மட்டுமன்று. லயத்து அடுப்பின் கணக்குமாக இருந்தது.

நிற்க. நம் தலைமேல் பெய்யாத மழையும் நம்மை மூழ்கடிக்கும். சிலாங்கூர் ஆறே இதற்குச் சான்று. அதன் மேற்பகுதியிலுள்ள பழைய கோலகுபுவை 1883-ஆம் ஆண்டில் அணையுடைந்த வெள்ளம் பாழாக்கிற்று. பின்னர் ஈயச் சுரங்கங்களின் மணல் ஆற்றுப்படுகையை மேடாக்கியது. 1926-ஆம் ஆண்டுப் பெருவெள்ளமும் வந்து சேரவே, ஊரே மேட்டுநிலத்திற்குப் பெயர்ந்து கோலகுபு பாரு ஆயிற்று. அவ்வாற்றின் முகத்துவாரத்திலன்றோ கோலசிலாங்கூர் இருக்கின்றது! மலையில் கொட்டும் மழையைக் கீழ்நிலத்து மழைமானி எங்ஙனம் அறியும்?

இக்குறையை நீக்க வந்ததே ராடார். இரண்டாம் உலகப் போரில் பகை விமானங்களைத் தேடிய திரைகளில் மழையும் தோன்றி இடையூறு செய்தது. அவ்விடையூறே பின்னர் வானிலை அறிஞர்க்குத் துணையாயிற்று. ராடார் விடுக்கும் அலை மழைத்துளிகளிற் பட்டுத் திரும்பும் நேரம் தூரத்தைக் காட்டும். அதன் வலிமை மழையின் கனத்தைக் காட்டும்.

எனினும், ராடார் மழையை மதிப்பிடுகின்றதேயன்றி அளப்பதில்லை. துளியின் விட்டம் இருமடங்கானால் எதிரொலி 64 மடங்காகும். எதிரொலியை மழையளவாக மாற்ற மார்ஷல், பாமர் என்னும் அறிஞர் இருவர் 1948-ஆம் ஆண்டில் தந்த கணக்கு, கனடாவில் சாயந்தோய்ந்த தாளில் விழுந்த துளிகளை அளந்து கண்டதாம். குளிர்நாட்டு மழையின் கணக்கு நம் நாட்டு இடிமழைக்கு அப்படியே பொருந்துமோ? பொருந்தாது. நிலத்து மழைமானியோடு ஒப்பிட்டே அதனைத் திருத்தல் வேண்டும். ஆகவே, ராடார் வந்தபின் மழைமானி எதற்கு என்பார் கூற்று அறியாமையின் பாற்பட்டது.

2021-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தை யார் மறப்பர்? சிலாங்கூரில் சிற்சில இடங்களில் ஒரு மாதத்து மழை ஒரே நாளிற் கொட்டியது. நாடு முழுவதும் ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். மழையைக் காட்டும் கருவிகள் அன்றும் இருந்தன. ஆயினும் பலர், வாசற்படியில் தண்ணீர் ஏறிய பின்னரே அபாயத்தை உணர்ந்தனர். கருவி கண்டது குடிசைக்கு எட்டாவிடின் பயன் என்னை?

பஞ்சாங்கத்தில் இத்தனை மரக்கால் மழை என வாசிக்கக் கேட்டு நம் முன்னோர் மனநிறைவடைந்தனர். நமக்கோ இன்று வானிலைத் துறையின் ராடார் படம் கைப்பேசியிலேயே கிடைக்கின்றது. தோழர்களே! அடைமழை இரவுகளில் அதனைப் பார்த்து, தாழ்நிலத்து வீடுகளின் கதவைத் தட்டித் தமிழில் எடுத்துரைக்க, தோட்டந்தோறும் ஒருவரை இன்றே குறித்து வையுங்கள்.