எண்ணப்பட்ட ஊர்: இருவேல்பட்டு ஆய்வுகளை ஒருசேர வாசித்தல்

எங்கள் வல்லத்துப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி போன வருஷம் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டின் தாள்களை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். விழுப்புரம் மாவட்ட விவசாயக் கூலிகள் பற்றிய ஆய்வு. 'ஆய்வு முன்னோடிகள்' என்ற இயலை மட்டும் நான் பார்த்துத் தரணும். புரட்டினேன். முப்பத்தோரு ஆய்வுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. இன்னார் இன்ன ஆண்டில் இன்ன ஊரில் ஆய்வு செய்தார், இன்னதைக் கண்டறிந்தார். அடுத்தவர் வந்தார், அவரும் கண்டறிந்தார். "முப்பது இருந்தா போதும்னு சொல்லிட்டாங்கண்ணா, ஒண்ணு கூடவே இருக்கு" என்றாள். பத்தாவது ஆய்வு கூலி உயர்ந்தது என்கிறது. பதினான்காவது ஆய்வு உண்மைக் கூலி விழுந்தது என்கிறது. நடுவில் மூன்று பத்திகள் இருந்ததால் இரண்டுக்கும் சண்டை வரவில்லை.

அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. தமிழ் எம்.ஏ. படித்த காலத்தில் நானும் இதையேதான் செய்தேன். நூலுக்கு முன்னால் காப்புச் செய்யுள் பாடுகிற மரபு நமக்கு உண்டல்லவா, ஆய்வேட்டில் அந்த இடத்தை முன்னோடிகள் இயல் பிடித்துக்கொண்டது. பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடலாம். அவர்கள் எப்படித் தெரிந்துகொண்டார்கள், யாரைக் கேட்டார்கள், யார் வீட்டில் சோறு தின்றார்கள் என்றெல்லாம் விசாரிப்பது மரியாதைக் குறைவு.

அந்த முப்பத்தொன்றில் இருவேல்பட்டு இல்லை. எனக்கு அதுதான் உறைத்தது. இதே மாவட்டத்தில், திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி, திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் இருக்கிற ஊர். இந்தியாவிலேயே இவ்வளவு நீண்ட காலம் திரும்பத் திரும்ப ஆய்வுக்குள்ளான கிராமங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கில்பர்ட் ஸ்லேட்டர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர். அவர் 1916இல் தன் மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து ஊர்களுக்கு அனுப்பினார். அந்த அறிக்கைகள் 1918இல் புத்தகமாயின. இருவேல்பட்டு, வடாற்காட்டுத் தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, திருநெல்வேலிக் கங்கைகொண்டான், ராமநாதபுரம் வடமலைபுரம் என்று ஊர்களின் வரிசை போகும். ஸ்லேட்டருக்குப் பின் அந்தத் துறைக்கு வந்த பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1936-37இல் மறு ஆய்வு நடத்தி 1940இல் வெளியிட்டார்கள். 1961இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து மார்கரெட் ஹாஸ்வெல். 1981இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகனும் அமெரிக்க மானுடவியலாளர் ஜோன் மென்ச்சரும். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ். தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளில் ஐந்து முறை எண்ணப்பட்ட ஊர் இது. அதே மாவட்டத்தின் கூலிகளைப் பற்றி எழுதுகிற எங்கள் பெண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

எப்படித் தெரியாமல் போச்சு? அவள் கணினியில் தேடியிருக்கிறாள். 'விழுப்புரம் மாவட்டம்' என்று தேடியிருக்கிறாள். விழுப்புரம் மாவட்டம் பிறந்தது 1993இல்தான். அதற்கு முந்தியதெல்லாம் தென்னாற்காட்டில் கிடக்கிறது. ஸ்லேட்டர் புத்தகத்தில் ஊரின் பெயரே 'எருவெல்லிப்பேட்' என்று வெள்ளைக்காரன் காதில் விழுந்த மாதிரி அச்சாகியிருக்கிறது. சாதிப் பெயர்களின் கதை இதைவிட மோசம். எம்.சி. ராஜா போன்றோரின் முயற்சியால் 1922இல் 'ஆதி திராவிடர்' அரசுக் கோப்புகளில் ஏறியது. அதற்கு முன் ஒரு பெயர், பிறகு ஹரிஜன், பட்டியல் சாதி, தலித். பழைய ஆவணத்தின் 'பள்ளி'யைப் பள்ளிக்கூடம் என்று நினைத்துத் தாண்டிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது வன்னியரைக் குறிக்கிற சொல். எந்தச் சொல்லை எந்த ஆண்டில் யார் யாருக்கு வைத்தார்கள் என்கிற அறிவு இல்லாமல் தேடல் என்பதே இல்லை. நூலகருடைய வேலை என்று நாம் ஒதுக்குகிற இந்தத் தேடலுக்குள் ஒரு முழு அரசியல் வரலாறு உட்கார்ந்திருக்கு.

ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறபோது முதலில் ஓர் ஒழுங்கான கதை கிடைக்கிறது. 1916இல் படியாள். நிலக்காரரிடம் வாங்கிய கடன் அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும். நிலம் கைமாறினால் ஆளும் சேர்ந்து கைமாறுவான். 1936இல் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்த ஊர். பிறகு மின்சார மோட்டார், குட்டை நெல். 2008க்கு வருகிறபோது ரெட்டியார் நிலவுடைமையின் பிடி தளர்ந்து, தலித்துகள் நிலக்காரர்களைச் சார்ந்திராமல் வாழ்வது கூடியிருக்கிறது. ரேஷன் முதலிய அரசு நலத்திட்டங்கள் அதற்குத் துணை என்கிறார்கள் ஆய்வாளர்கள். வேலை உறுதித் திட்டம் 2006இல் முதல் கட்டமாக வந்த தமிழக மாவட்டங்கள் ஆறில் விழுப்புரமும் ஒன்று என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இந்த ஒழுங்கான கதையோடு நிறுத்திக்கொண்டால் அது சுருக்கம். விமர்சன வாசிப்பு அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. 1916இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்த ஒரு மாணவன் எந்தத் தெருவில் பிறந்திருப்பான்? கேள்வித்தாளோடு ஊருக்குள் வந்தவன் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருப்பான்? படியாள் வாங்கிய கடன் எவ்வளவு என்று அவன் கேட்டிருக்கலாம். பதில் சொன்னது படியாளா, ஆண்டையா? ஸ்லேட்டர் படியாள்முறையை மறைக்காமல் பதிவு செய்தவர் என்பதற்காக இந்தக் கேள்வியை விட்டுவிட முடியாது. பின்னால் வந்த ஒவ்வொருவரும் அந்த முதல் எண்ணிக்கையோடுதான் தங்கள் எண்ணிக்கையை ஒப்பிட்டார்கள். அடித்தளக் கல் கோணலாக இருந்தால் மேலே வைக்கிற அளவுகோல் நேராக இருந்து என்ன?

இன்னொன்று, ஆண்டுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி. 1961க்கும் 1981க்கும் நடுவே, 1978 ஜூலையில், விழுப்புரம் நகரில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 1981க்கும் 2008க்கும் நடுவே 1987இன் வன்னியர் சாலை மறியலும் எரிந்த சேரிகளும். கிராம ஆய்வின் காலண்டரில் இந்த ஆண்டுகள் ஆய்வு ஆண்டுகள் இல்லை. ஏக்கரையும் மாட்டையும் எண்ணுகிற அட்டவணைக்கு, எரிந்த குடிசைகளுக்கென்று கட்டம் கிடையாது. ஐந்து புகைப்படங்களைச் சேர்த்து ஒரு வரலாறு என்கிறோம். எடுக்கப்படாத படங்களையும் கணக்கில் வைத்தால்தான் அது வரலாறு.

நிற்கிற இடம் மாறினால் முடிவு மாறும் என்பதை இதே ஜோன் மென்ச்சர் இருவேல்பட்டுக்கு வருமுன்பே காட்டியிருக்கிறார். லூயி துய்மோன், தூய்மை-தீட்டு என்ற எதிர்வில் சாதியமைப்பு முழுவதையும் அடக்கிப் பெரிய கோட்பாடு கட்டியிருந்தார். செங்கல்பட்டுச் சேரிகளில் வேலை செய்த மென்ச்சர், அடியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சாதி என்பது பெரும்பாலும் உழைப்பைச் சுரண்டும் ஏற்பாடாகவே தெரிகிறது என்று 1974இல் எழுதினார். 1979இல் மைக்கேல் மொஃபட் அதே செங்கல்பட்டு மாவட்டத்துச் சேரி ஒன்றிலிருந்து நேர்மாறான முடிவோடு வந்தார். தீண்டப்படாதோர் தங்களுக்குள்ளும் மேல்கீழ் வைத்திருக்கிறார்கள், தங்களை விலக்கிய அமைப்பையே தங்களுக்குள் படியெடுக்கிறார்கள், ஆகவே அவர்கள் அதற்கு இசைந்தவர்கள் என்றார். அப்புறம் ராபர்ட் டெலியேஜ். அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்துப் பறையர் கிராமம் ஒன்றில் களப்பணி செய்தவர். படியெடுத்தலையும் இசைவையும் ஒன்றாக்காதீர்கள், தங்கள் தாழ்நிலையை அவர்கள் ஏற்கவில்லை என்று 1992இல் மறுத்தார். எங்கள் பெண்ணின் இயலில் மொஃபட் இருக்கிறார், ஒரு பத்தியில், 'கண்டறிந்து' விட்டு. மற்ற இரண்டு பேரும் இல்லை. தனியாக நிற்கிற மொஃபட், நம் தாத்தா பாட்டிகள் தங்கள் இழிவுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பத்திரம் மாதிரி ஆகிவிடுகிறார். ஒரு மேற்கோளை அதன் சண்டையிலிருந்து பிய்த்து எடுத்தால் இதுதான் நடக்கும்.

பசுமைப் புரட்சி விஷயத்தில் இது எண்ணிக்கையாகவே இருக்கு. வடாற்காட்டுக் கிராமங்களில் ஃபார்மர் தலைமையிலான கேம்பிரிட்ஜ் குழு 1973-74இல் ஆய்வு செய்தது. அவ்வூர்களுக்குத் திரும்பப் போய் 1982-84இல் கணக்கெடுத்த பீட்டர் ஹேஸலும் சி. ராமசாமியும் சிறு விவசாயிகளும் கூலிகளும்கூடப் பயனடைந்தார்கள் என்று 1991இல் எழுதினார்கள். முதல் குழுவில் இருந்த ஜான் ஹாரிஸ் அதை அப்படியே ஏற்கவில்லை. இதில் எந்தப் பக்கம் என்று வாசகர் கேட்கலாம். எனக்கு இதைவிடச் சுவாரஸ்யமானது டொனால்டு ஃப்ரீபேர்ன் 1995இல் செய்த காரியம். பசுமைப் புரட்சி பற்றி 1970க்கும் 1989க்கும் நடுவே வந்த முந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி, அந்த ஆய்வுகளையே ஆய்வுப்பொருளாக்கினார். பங்கீடு பற்றி முடிவு சொன்னவற்றில் சுமார் 80 சதவீதம், ஏற்றத்தாழ்வு கூடியது என்றன. அதோடு நிற்காமல் யார் எந்த முடிவுக்கு வந்தார்கள் என்றும் பார்த்தார். மேற்கத்திய ஆய்வாளர்கள், கட்டுரை வடிவில் எழுதியவர்கள், பல நாடுகளைச் சேர்த்துப் பேசியவர்கள் ஏற்றத்தாழ்வு கூடியது என்று சொல்லும் வாய்ப்பு அதிகம். ஆசிய வம்சாவளி ஆய்வாளர்கள், இந்தியாவிலோ பிலிப்பைன்ஸிலோ தனி ஊர்களை எடுத்தவர்கள் மாற்றிச் சொல்லும் வாய்ப்பு அதிகம். வயலில் என்ன நடந்தது என்பதோடு, எழுதியவர் எங்கிருந்து வந்தார் என்பதும் முடிவுக்குள் கலந்துகிடந்தது. 'பிரதிக்குள் ஆசிரியன்' என்று நாம் பக்கம் பக்கமாக எழுதியதை அவர் ஓர் அட்டவணையில் காட்டிவிட்டார். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

மருத்துவத்தில் இதற்கு உயிர்க்கணக்கு உண்டு. குறைமாதப் பிரசவம் நெருங்குகிற தாய்க்கு மலிவான ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தை பிழைக்கும் என்று 1972இல் ஒரு சோதனை சொன்னது. அடுத்தடுத்துப் பல சோதனைகள் வந்தன. 1989 வரைக்கும் யாரும் அவற்றைத் திரட்டி ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை. அந்த இடைவெளியில் பல்லாயிரம் குழந்தைகள் தேவையில்லாமல் செத்திருக்கலாம். ஆர்ச்சி காக்ரேன் பெயரில் 1993இல் அமைப்பு தொடங்கி, முறைப்படித் தேடு, எதை எடுத்தாய் எதை விட்டாய் என்று எழுதிவை, ஒவ்வொன்றின் சார்பையும் எடைபோடு என்று விதிகள் வகுத்தார்கள். நமக்குப் பக்கத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலேயே அதன் தெற்காசிய மையம் இயங்கியது. அந்த விதிகளை அப்படியே ஊர் ஆய்வுக்குக் கொண்டுவரலாம் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே ஊசியும் மருந்தும் எல்லா ஊரிலும் ஒன்று. இங்கே 'ஊர்' என்ற சொல்லே பாதிப் பேரை வெளியே நிறுத்திவிட்டுத்தான் தொடங்குகிறது. ஆனால், எதை விட்டாய் என்று எழுதிவை என்கிற விதியை நாம் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம்.

நாம் என்றது ஆய்வாளர்களை மட்டும் இல்லை. செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் பறையர்கள் நிலை பற்றி 1891இல் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் பஞ்சமி நில அரசாணை வந்தது. நூறாண்டு கழித்து அந்த அறிக்கையைத் தூசி தட்டி எடுத்தது இயக்கம். 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். ஓர் ஆய்வறிக்கை இவ்வளவு தூரம் நடந்து வந்த வரலாறு தமிழில் அபூர்வம். அதற்குப் பிறகு '12 லட்சம் ஏக்கர்' என்று எல்லா மேடையிலும் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். வல்லத்தில் ஒரு கூட்டத்தில் சொன்னபோது முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருத்தர், "நம்ம ஒன்றியத்துல எத்தனை ஏக்கர் தம்பி?" என்று கேட்டார். முழித்தேன். ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்து, அதை மூன்றாமவர் எடுத்து, கடைசியில் நான் எடுத்தது அந்த எண். ஊர் ஊராக 'அ' பதிவேட்டில் 'டி.சி.' என்று குறிப்புப் போட்ட சர்வே எண்களைத் தேடி எழுதியவர்களின் நோட்டுகள் ஆங்காங்கே தோழர்கள் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டி, எது பார்த்து எழுதியது, எது கேட்டு எழுதியது என்று பிரிக்கிற வேலை அப்படியே கிடக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் நம்மை அந்த இடத்தில்தான் மடக்குகிறார்.

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் இருவேல்பட்டு மூழ்கியது. உதவி வரவில்லை என்று மக்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். பார்வையிட வந்த, அப்போது அமைச்சராக இருந்த பொன்முடி மீது சேறு வீசப்பட்டது. இரண்டு நாள் தொலைக்காட்சியில் அந்த ஊர்ப் பெயர் ஓடியது. நான் பார்த்த எந்தச் செய்தியிலும் அந்த ஊரைப் பற்றி நூறு வருஷத்துத் தகவல் இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. ஆய்வுகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. சேறு தமிழில் இருந்தது.

போன மாதம் தங்கச்சி மறுபடி வந்தாள். முப்பத்தொன்றைப் பதினெட்டாகக் குறைத்து, இருவேல்பட்டின் ஐந்தையும் சேர்த்து, நீளமான ஓர் அட்டவணை போட்டிருந்தாள். ஆண்டு, ஊர், வந்தவர் யார், எத்தனை நாள் இருந்தார், யார் வீட்டில் தங்கினார், பெண்களிடம் பேசினாரா, சேரியில் எத்தனை வீடு ஏறினார். "யார் வீட்ல தங்கினாங்கன்னு பாதிப் பேர் எழுதவேயில்லண்ணா. அந்தக் கட்டத்த என்ன பண்றது?" என்றாள். நெறியாளர் அந்தப் பத்தியையே எடுத்துவிடச் சொன்னாராம், அச்சில் அசிங்கமாகத் தெரியும் என்று. அவள் எடுக்கவில்லை. கட்டங்களை வெறுமையாகவே விட்டுத் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறாள்.